கட்டை கப்பலேறியது, வாத்தியார் ஏறவில்லை

1862ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் சிம் கீஹோ என்ற வியாபாரி கர்லாக்கட்டை செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனில் ஹாரிசன் என்ற பயில்வான் பெரிய கட்டைகளைச் சுழற்றுவதை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். 1866இல் கட்டை சுழற்றும் முறைகளைப் படங்களோடு விளக்கி ஒரு புத்தகமும் போட்டார். ஹாரிசன் கையிலிருந்த வித்தை இந்தியாவிலிருந்து போனது. கம்பெனிப் படையின் வெள்ளைக்கார அதிகாரிகள், இங்கே சிப்பாய்களும் மல்லர்களும் கட்டை சுற்றுவதைப் பார்த்துத் தங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். 1830களிலேயே லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சிப் புத்தகங்களில் அது ஏறிவிட்டது.

கீஹோவிடம் கட்டை வாங்கியவர் வீட்டுக்குப் போய், புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தனியாகச் சுழற்றினார். இன்று வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி இயந்திரங்கள் வாங்கிப் போடுகிறோமே, அந்த வழக்கத்துக்கு முன்னோடியான கடைகளில் அது ஒன்று.

நான் கடைசல்காரர் மகள். மதுரை தெற்குவாசல் பக்கம் எங்கள் அப்பாவின் பட்டறை இருந்தது. கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், சப்பாத்திக் கட்டை எல்லாம் யார் கேட்டாலும் கடைந்து கொடுப்பார். கர்லாக்கட்டை கேட்டு ஒரு இளவட்டம் வந்து நின்றால் மட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டு, "வாத்தியார் யாரு?" என்பார். பெயர் சொன்னால், "எத்தனை வீசை சொல்லிவிட்டாரு?" என்பார். வாத்தியார் பெயர் சொல்லத் தெரியாதவனுக்குக் கட்டை கிடையாது. கிலோ வந்து வெகுகாலம் ஆன பிறகும் கர்லாவுக்கு மட்டும் அவர் வீசைக் கணக்கை விடவில்லை. ஒரு வீசை ஏறக்குறைய ஒன்றே கால் கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் நடுவில். ஒருவனுடைய கட்டையின் எடையை முடிவு செய்வது அவன் வாத்தியார்; கடைசல்காரர் அதைக் கேட்டுச் செய்து தருபவர். அப்பாவுக்கு இதில் இரண்டாவது பேச்சு கிடையாது. புதிதாக வருகிறவனுக்குக் கனமான கட்டையை விற்றால் லாபம் கூட வரும். அவர் விற்றதில்லை.

ஏன் இத்தனை கண்டிப்பு என்பது கட்டையைக் கையில் எடுத்தால்தான் புரியும். கர்லாக்கட்டையின் கனம் முழுக்க அதன் தூரத்து நுனியில் இருக்கிறது. கைப்பிடி மெலிந்திருக்கும். சுழற்றும்போது கட்டை தலைக்குப் பின்னால் இறங்கி, முதுகை ஒட்டி வட்டமடித்து, மறு தோள் வழியாக முன்னால் வரும். அந்த வட்டத்தில் பாதி நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. அங்கே முழங்கை விரிகிறதா, மணிக்கட்டு மடிகிறதா, இடுப்பு வளைகிறதா என்று சுழற்றுகிறவனுக்குத் தெரியாது. எதிரில் கண்ணாடி வைத்தாலும் தெரியாது. அதனால் வாத்தியார் எப்போதும் மாணவனுக்குப் பின்னால், கட்டை எட்டாத தூரத்தில் நிற்பார். தோள் தூக்கினால் ஒரு குச்சியால் லேசாகத் தொடுவார். அவ்வளவுதான் பாடம். சில நாட்கள் எடையை ஏற்ற மறுப்பார். சில நாட்கள், "இன்னைக்குப் போதும், போயி எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று அனுப்பிவிடுவார். தட்சணை என்று அவருக்குக் கிடைத்தது வெற்றிலை பாக்கில் வைத்த சில்லறையும், விசேஷ நாளில் ஒரு வேட்டியும்.

நம் ஊரில் அன்று கருவி மலிவு. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் கருவியே வேண்டாம், தரை போதும். ஒரு ஜோடி கட்டை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். பணமோ, தானியமோ, மரியாதையோ, எதைக் கொடுத்தாலும் அது வாத்தியாரின் கண்ணுக்குக் கொடுத்தது. கப்பலேறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது கட்டை மட்டும். பின்னால் நிற்கிறவர் போகவில்லை. அவர் இடத்தில் புத்தகம் உட்கார்ந்தது. அமெரிக்காவில் பள்ளிகளிலும் கழகங்களிலும் கர்லா பரவி, 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் போட்டியாகவே வைத்தார்கள். இரண்டு முறையும் தங்கம் அமெரிக்கர்களுக்கு. அவர்கள் சுழற்றியது எடையில்லாத சின்னக் கட்டைகளை. வாத்தியார் இல்லாத இடத்தில் கட்டை இளைத்துத்தான் போக முடியும் என்பது என் எண்ணம். கனமான கட்டையைப் புத்தகத்தை நம்பி முதுகுக்குப் பின்னால் விட முடியாது.

இந்த இடத்தில் யூஜின் சாண்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். மேடையில் எடை தூக்கிப் புகழ் பெற்று, 1897இல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். அங்கே வருகிறவரை முதலில் பரிசோதித்து, மார்பு, புயம், தொடை என்று அளவெடுத்து, அவருக்கென்று தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுத்தார்கள். இன்று நாம் பர்சனல் கோச்சிங் என்று மாதம் இவ்வளவு என்று கட்டுகிறோமே, அதன் வடிவம் ஏறக்குறைய அங்கே தயாராகிவிட்டது. ஆனால் அந்த நிலையத்துக்கு நடந்து வரக்கூடியவர்கள் லண்டன்காரர்கள், அதிலும் வசதியானவர்கள். மற்றவர்களுக்கு சாண்டோ கருவி விற்றார். சுவரில் மாட்டி இழுக்கும் ரப்பர் கயிறு, நடுவில் சுருள்வில் வைத்து இறுக்கிப் பிடிக்கும்படி இரண்டு பாதியாகச் செய்த டம்பெல், கூடவே அளவுகளை எழுதிவர ஒரு அட்டவணை.

அந்த அட்டவணையை நான் மிகவும் மதிக்கிறேன். கருவி மட்டும் போதாது என்று அதை விற்றவருக்கே தெரிந்திருக்கிறது. யாரோ ஒருவர் நம் அளவைக் கேட்கிறார், அடுத்த மாதமும் கேட்பார் என்ற நினைப்பு இருந்தால்தான் மனிதன் காலையில் எழுந்து கயிற்றை இழுப்பான். ஆனால் அட்டவணை தோளைத் தொட்டுத் திருத்தாது. ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலில் வரும் லியோபோல்ட் புளூமிடம் இப்படி ஒரு கருவி உண்டு. சாதாரண ஆண்களுக்கானது 15 ஷில்லிங், விளையாட்டு வீரர்களுக்கானது 20 ஷில்லிங் என்று விலை முதற்கொண்டு ஜாய்ஸ் எழுதியிருக்கிறார். இரண்டு மாதத்தில் புளூமின் மார்பு 28 அங்குலத்திலிருந்து 29½ ஆனது, புயம் 9 அங்குலத்திலிருந்து 10 ஆனது. பிறகு விட்டுவிட்டார். கதை நடக்கும் 1904 ஜூன் 16 காலையில், மறுபடி அந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் வீட்டிலெல்லாம் அந்தப் புளூமை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் நடக்கும். பிறகு கருவியின் மேல் துணி காயும்.

சாண்டோ 1904-05இல் இந்தியாவுக்கு வந்து பல நகரங்களில் மேடையேறினார். அவர் பெயர் இங்கே பட்டமாகவே நின்றுவிட்டது. கோவையில் தேகப்பயிற்சியால் பெயரெடுத்துப் பின்னாளில் பட முதலாளியான சாண்டோ சின்னப்பா தேவரை நம் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் கே.வி. ஐயர் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்தியதோடு, தபால் வழியாகவும் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார். 1930இல் அவர் வெளியிட்ட மஸில் கல்ட் என்ற நூலில் பளிங்குச் சிலை போன்ற அவர் படங்கள் இருக்கும். அவரோடு சேர்ந்து இயங்கிய சுந்தரம் மதுரையில் பிறந்தவர்; ஆசனங்களை உடற்பயிற்சியாகப் பொதுமக்களுக்கு விளக்கிய தொடக்க காலப் புத்தகங்களில் ஒன்று அவருடையது. தமிழில் அவர் எழுதிய சுந்தர யோக சிகிச்சை எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் இருந்தது.

தபால் பாடத்தின் உச்சத்தை அமெரிக்காவில் சார்ல்ஸ் அட்லஸ் தொட்டார். இத்தாலியில் 1892இல் பிறந்து புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் விற்றதில் கருவியே இல்லை. ஒரு தசையை இன்னொரு தசையோடு மோதவிடும் பயிற்சிகள், காகிதத்தில், தவணை தவணையாக. நம் ஊர்ப் பத்திரிகைகளில் பின்னால் புல்வொர்க்கர் விளம்பரம் வந்தது. நீளமான குழாய், இரு பக்கமும் கம்பி, அழுத்திப் பிடித்து ஏழு விநாடி என்று ஒரு சுவர்ப்படம். என் தம்பிக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல வாத்தியார் எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

இதுவரை அப்பா பக்கமே பேசிக்கொண்டு வந்தேன். மறு பக்கம் ஒன்று இருக்கிறது, அது என் பக்கம்.

அப்பா கடைந்த கட்டைகள் போய்ச் சேர்ந்த தேகப்பயிற்சி சாலைகளில் எதிலும் நான் கால் வைத்ததில்லை. வாசலில் நின்று பார்க்கக்கூட விடமாட்டார்கள். உள்ளே ஆஞ்சநேயர் படமும் கோதாவும் செம்மண் வாசமும் உண்டு என்று தம்பி சொல்லித் தெரியும். வாத்தியாரின் கண் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது பெண்பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கதவு மூடியிருந்தது. பெண்களோடு, சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். பட்டறையில் விரிசல் விட்டதால் ஒதுக்கி வைத்த ஒரு சின்னக் கட்டையை எடுத்துக்கொண்டு மாடியில் துணி காயும் கொடிகளுக்கு நடுவில் நான் சுற்றினேன். தம்பி சாலையில் கற்றுக்கொண்டதை வந்து சொல்வான். அம்மா கீழேயிருந்து ஆள் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வார். என்னுடைய முதல் ஜிம் வீட்டு மொட்டை மாடிதான். அன்று அது இல்லாமல் இருந்திருந்தால் நான் உடற்கல்வி ஆசிரியை ஆகியிருக்கமாட்டேன்.

ஆகவே டொனால்ட் வாக்கர் 1830களில் பெண்களுக்கென்று தனியாக ஒரு புத்தகம் எழுதி, அதில் அவர்களுக்கேற்ற சிறிய கட்டைகளைச் சுழற்றும் முறையை விளக்கினார் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபமும் நன்றியும் சேர்ந்தே வந்தன. நம் மண்ணின் கட்டையை வீட்டுக்குள் வைத்துச் சுற்ற லண்டன் பெண்ணுக்கு ஒரு புத்தகமாவது கிடைத்தது. வாத்தியார் இல்லாமல் போன கட்டைக்கு அந்த ஒரு நியாயம் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மைசூரில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கிய திருமலை கிருஷ்ணமாச்சார்யாவின் கதையும் இதே கதவைப் பற்றியதுதான். அதே அரண்மனையில், சற்றுத் தள்ளி, கே.வி. ஐயர் வழியில் உடலை வளர்க்கும் கூடம் ஒன்றும் நடந்தது. ரிகா நகரில் பிறந்த யூஜினி பீட்டர்சன் என்ற பெண் 1930களின் பிற்பாதியில் வந்து தன்னையும் மாணவியாகச் சேர்க்கும்படி கேட்டார். கிருஷ்ணமாச்சார்யா மறுத்தார், பெண் என்பது ஒரு காரணம், வெளிநாட்டவர் என்பது இன்னொன்று. மகாராஜா சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் இந்திரா தேவி ஆனார். ஷாங்காயிலும் பிறகு ஹாலிவுட்டிலும் யோகம் கற்பித்தார். 2002 வரை வாழ்ந்தார். ஒரு ராஜாவின் சிபாரிசு கிடைத்த பெண்ணுக்கு வாத்தியார் கிடைத்தார்.

1950களின் தொடக்கத்தில் கிருஷ்ணமாச்சார்யா சென்னைக்கு வந்துவிட்டார். அவருடைய பிற்காலக் கற்பித்தலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மைசூரில் பையன்கள் வரிசையாக நின்று வேகமாக ஆசனம் செய்தார்கள். சென்னையில் அவர் ஒவ்வொருவராக உட்காரவைத்து, வயது, தொழில், நோய், மூச்சு எல்லாம் பார்த்து, அவரவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். அறுபது வயதுக்காரருக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் ஒரே ஆசனம் ஒரே மாதிரி இருக்க முடியாது என்பது அவர் கொள்கை. 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த ஒருவருக்கு ஒருவர் முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. பின்னால் நிற்கும் வாத்தியார் பெண்களுக்கும் கிடைத்த இடங்களில் ஒன்று அது.

இன்னொரு வழியும் உண்டு. நான் சோறு தின்றது அந்த வழியில். அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்குப் பொறுப்பாகவும் அவர் சென்றார். அந்தக் கல்லூரியும் அதைப் பார்த்து எழுந்த மற்றவையும்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு பி.டி. வாத்தியாரைக் கொடுத்தன. கட்டணம் இல்லை, கருவி ஒரு விசில், மைதானம் அரசாங்கத்துடையது. பெண்பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஒரு ஆசிரியைக்கு ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். கடைசி வரிசையில் முதுகு கூன நிற்கிற பெண்ணைப் போய்த் தொட்டுத் திருத்துவதற்குள் மணி அடித்துவிடும். என் பணிக்காலம் முழுவதும் என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரிசைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேளச்சேரியில் இருக்கும் தம்பி மகள் போனில் கேட்டாள்: "அத்தை, டிரெட்மில்லும் ரெண்டு ஜோடி டம்பெல்லும் நாப்பத்தஞ்சாயிரத்துக்கு வருது. வீட்டுக்கு வர்ற கோச் மாசம் ஒன்பதாயிரம் கேக்குறாங்க. அஞ்சு மாசத்துல மெஷின் காசு வந்துரும். எது சரி?" கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் டிரெட்மில் ஐந்து மாதமும் ஓடும் என்று வைத்திருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு இடுப்பு வலி. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. இந்த உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

இதைக் கருவி விற்கிறவர்களும் ஒவ்வொரு தலைமுறையிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய பெலோட்டன் நிறுவனம் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளை விற்றதோடு நிற்கவில்லை. அதில் ஒரு திரையைப் பொருத்தி, அதற்குள் ஒரு பயிற்சியாளரை வைத்து, மாதாமாதம் சந்தா வாங்கியது. சாண்டோவின் அட்டவணை திரையாகிவிட்டது. அந்தப் பயிற்சியாளர் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கலாம். நம் முதுகை அவர் பார்ப்பதில்லை.

தம்பி மகளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் ஆளுக்குப் பணம் கொடுங்கள். வருகிற கோச் முதல் நாளே பழைய அடி, ஆபரேஷன், பிரசவம், தூக்கம் எல்லாம் கேட்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் குனியும்போது பக்கவாட்டிலும் பின்னாலும் நகர்ந்து பார்க்கிறாரா, கையில் போனை வைத்துக்கொண்டு எண்ணிக்கை மட்டும் சொல்கிறாரா என்று பாருங்கள். "இன்னைக்கு எடை ஏத்த வேண்டாம்" என்று ஒரு நாளாவது சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாதவரை மாற்றிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, வீட்டில் என்ன வாங்கலாம் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பாயும் ஒரு ஜோடி டம்பெல்லும் போதும் என்பார். அதன் பிறகு மாதம் ஒரு முறை அவர் வந்து பார்த்தால் போதும். மிச்ச நாளெல்லாம் வீடு உங்களுடையது. கோச்சுக்குக் கொடுக்க முடியாதவர்கள், வெளியே போக முடியாத பெண்கள், மாடியில் செய்யுங்கள், எடை குறைவாக, கூடப் பிறந்தவர் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு.

அடுக்ககச் சங்கங்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். தரைத்தளத்திலும் பூங்காவிலும் இயந்திரங்களை வரிசையாக வாங்கிப் போட்டுவிட்டீர்கள். அடுத்த இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில், பயிற்சி பெற்ற ஒருவரைக் காலை இரண்டு மணி நேரத்துக்கு நியமியுங்கள். அதில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, அதற்கு ஒரு பெண் பயிற்சியாளரைத் தேடுங்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் உடற்கல்விப் பட்டதாரிப் பெண்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.